பழைய ரயில் நிலையத்தை அரசு அலுவலகமாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரயில் நிலையம் ஆட்கள் கடந்துபோவதற்காகக் கட்டியது. அரசு அலுவலகத்தில் ஆட்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மாற்றுப் பயன்பாட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஒழுகும் கூரையையும் துருப்பிடித்த தூணையும் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். கடந்துபோகும் இடத்தில் மேஜையைப் போட்டுவிட்டால் அதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் யூனியன் ஸ்டேஷன் கதை இதற்குப் பொருத்தமான பாடம். 1907-இல் திறந்த அந்த மாளிகையை அந்நாட்டு அரசு தேசியப் பார்வையாளர் மையமாக மாற்றி 1976 ஜூலை 4 அன்று திறந்தது. பிரதான மண்டபத்தின் நடுவே தரையைத் தோண்டி, பள்ளத்தில் படக்காட்சித் திரைகளை வைத்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘பள்ளம்’தான். ரயில் ஏற வந்தவர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்த சிறிய நிலையத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டில், 1978-இல், மையம் மூடப்பட்டது. 1981-இல் மழைநீர் இறங்கிக் கூரையின் சில பகுதிகள் விழ, கட்டடத்தையே பூட்டினார்கள். மறுபடி ரயில் நிலையமாகவும் கடைகளாகவும் அது சரியாகத் திறந்தது 1988-இல்.

அங்கே குறையாக இருந்தது பணமும் திறமையும் அல்ல என்பது என் எண்ணம். மண்டபத்தை நிரப்பியே தீர வேண்டும் என்ற அவசரம்தான் கெடுத்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த அவசரத்தைத் தள்ளிப்போடுவதற்கான வழிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த அலுவலகம் பொருந்தும் என்று முதலில் கேளுங்கள்

வழக்கமாக இது தலைகீழாக நடக்கிறது. காலியாகக் கிடக்கும் நிலையம் ஒன்று கிடைத்தது, வாடகைக் கட்டடத்தில் திண்டாடும் துறை ஒன்று இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். துறையின் வேலை எப்படி நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

பொதுமக்கள் வரிசையில் வந்து, கவுன்ட்டரில் பேசி, காத்திருந்து, போகும் அலுவலகம் என்றால் நிலையம் அதற்கென்றே கட்டியது போல இருக்கும். உரிமம், பதிவு, வரி வசூல், சான்றிதழ் தரும் பிரிவுகள் இந்த வகை. நீதிமன்றமும் சட்டமன்றமும்கூடப் பொருந்தும், ஏனென்றால் அவற்றுக்கும் கூட்டம் நிற்க ஒரு பெரிய முன்கூடம் வேண்டும். இருநூறு பேர் கணினி முன் உட்காரும் பின்னணி அலுவலகம் சுமாராகத்தான் பொருந்தும். மிக மோசமான பொருத்தம் ஆவணக் காப்பகம். சாதாரண அலுவலகத் தரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 300 கிலோ சுமை கணக்கிடுவார்கள். நகரும் இரும்பு அலமாரிகளில் கோப்புகளை அடுக்கினால் அது 1,000 கிலோவைத் தாண்டும். மாடியில் மரத்தளம் உள்ள பழைய நிலையத்தில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பொருத்தம் அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு கட்டடங்கள். ஒட்டாவாவின் யூனியன் ஸ்டேஷன் 1912-இல் திறந்து 1966 வரை ரயில் பார்த்தது. பிறகு அரசு மாநாட்டு மையமானது. 2019 முதல் கனடாவின் செனட் சபை அங்கே கூடுகிறது. பழங்கால ரோமானியக் குளியல் மாளிகையின் பாணியில் கட்டிய காத்திருப்பு மண்டபத்தில் மனிதர்கள் இன்றும் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள். அமெரிக்காவின் டகோமா நகரில் 1911-இல் திறந்த செப்புக் குவிமாட நிலையம், 1984-இல் ரயில் நின்ற பிறகு, 1992-இல் மத்திய அரசின் நீதிமன்றமாகத் திறந்தது. அங்கே செய்த புத்திசாலித்தனமான காரியம், பின்னால் புதிய கட்டடப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. இட நெருக்கடி அங்கே போனது, குவிமாட மண்டபம் மண்டபமாகவே தப்பியது.

ஆகவே முதல் வாரத்தில் செய்ய வேண்டிய கணக்கு எளிது. துறைக்கு வேண்டிய பரப்பை ‘நின்று போகிறவர்கள்’, ‘உட்காருகிறவர்கள்’, ‘பொருள்கள்’ என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நிலையத்தின் பரப்பையும் மண்டபம், சிறிய அறைகள், பிளாட்பாரம், சரக்குக் கிடங்கு என்று எழுதுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்காருகிறவர்கள் சிறிய அறைகளில் அடங்காவிட்டால் புதிய இணைப்புக் கட்டடம் வேண்டும் என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

படி 2: நிலமும் எல்லையும்

கட்டடம் கைக்கு வந்துவிட்டது என்று நினைப்போம். அடியில் போகும் சிக்னல் கேபிள் இன்னும் ரயில்வேயுடையதாக இருக்கும். பிளாட்பாரத்தின் கடைசி இரண்டு மீட்டர் ஓடும் பாதையின் பாதுகாப்பு எல்லைக்குள் வரும். மேற்கூரையின் ஒரு காலே பக்கத்து நிலத்தில் நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நில அளவைக்காரரோடு எல்லையை நடந்தே பாருங்கள். யாருக்கு எந்த வழியில் நுழையும் உரிமை, எந்தக் குழாயை யார் பராமரிப்பது, கூரையைக் கழுவ ஆள் ஏற வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் ரயில் இன்னும் ஓடுகிறது என்றால் வேலைத் திட்டமே மாறிவிடும். மேலே 25,000 வோல்ட் கம்பி போகும் பாதைக்கு அருகில் சாரம் கட்ட வேண்டுமானால், மின்சாரத்தை நிறுத்தி வேலை பார்க்க ரயில்வே தரும் நேரம் இரவில் சில மணி நேரம்தான். அதைக் கணக்கில் எடுக்காமல் பகல் வேலைக்கான அட்டவணை போட்ட கான்ட்ராக்டர் முதல் மாதத்திலேயே கைவிரிப்பார். உலோகப் பகுதிகள் எல்லாவற்றையும் முறையாக எர்த் செய்வதும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று, ரயில் திரும்பி வரலாம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் 1901-இல் கட்டிய மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் 1975-இல் பயணிகளை இழந்தது. எண்பதுகளில் வணிக வளாகமாக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மாநில அரசு அலுவலகங்கள் வந்தன. 2003-இல் ரயிலே திரும்பி வந்தது. தண்டவாளப் பாதையின் குறுக்கே கான்கிரீட் சுவர் எழுப்பும் முன் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைக்கும் எதையும் பின்னால் வருபவர் கழற்றி எடுக்க முடியுமா என்பதே மரபுக் கட்டடத்தில் நல்ல வேலைக்கு அளவுகோல்.

படி 3: பதிவு செய்யுங்கள், ஒரு மழைக்காலம் காத்திருங்கள்

லேசர் ஸ்கேன், அளவு வரைபடம், புகைப்படம், பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிப் பழைய நிறம் பார்ப்பது, ரயில்வே காப்பகத்தில் மூல வரைபடம் தேடுவது என்று வழக்கமான வேலைகள் எல்லாம் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை, மரபுக் கட்டடப் பொறியாளர் யாரும் செய்து தருவார். செய்யாமல் விடுகிற ஒன்றைச் சொல்கிறேன். டிக்கெட் ஜன்னலின் பித்தளைக் கம்பி, பெஞ்சு, எடைமேடை, கடிகாரம், பெயர்ப்பலகை, கைப்பிடி தேய்ந்த கதவு, இவற்றுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுங்கள். வேலை ஆரம்பித்த பிறகு காணாமல் போவது சுவர் இல்லை, இவைதான்.

மழைக்காலம் பற்றி. வெயில் நாளில் எடுத்த ஆய்வறிக்கையை வைத்து டெண்டர் விட்டால் அது பாதி அறிக்கை. கொட்டும் மழையில் உள்ளே நின்று பாருங்கள். நான் பார்த்த ஒரு நிலையத்தில் பழைய பராமரிப்பு ஊழியர் ஒருவர் எங்களைப் பிளாட்பாரத்தின் மூன்றாவது தூணுக்கு அழைத்துப் போனார். அதை அவர் ‘அழும் தூண்’ என்றே சொன்னார். மழை பிடித்து அரை மணி நேரம் ஆனதும் தூணின் இடுப்பளவில் இருந்த இணைப்பிலிருந்து துரு நிறத்தில் ஒரு கோடு மெல்ல இறங்கியது. கூரை நீர் அந்தத் தூணின் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அப்படி ஒரு குழாயே இல்லை. ஆய்வறிக்கையிலும் இல்லை.

படி 4: கட்டடத்தின் நோய் என்ன

இங்கேதான் நேரத்தையும் காசையும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

*தண்ணீர்.* பெரிய கூரைகளுக்கு நடுவே ஓடும் பள்ள வடிகால்கள் கீழிருந்து கண்ணுக்குத் தெரியாது. புறா எச்சமும் இலையும் அடைத்துக்கொண்டால் நீர் உள்பக்கம் வழியும். நீரைக் கீழே இறக்க அந்தக் காலத்தில் உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூண்களையே குழாயாகப் பயன்படுத்தினார்கள். அழகான யோசனைதான், நூறு ஆண்டு கழித்து நமக்குத் தலைவலி. தூணின் மேல்வாயில் நிறச் சாயம் கலந்த நீரை ஊற்றி அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். சிறிய கேமராவை உள்ளே இறக்குங்கள். பழுதான தூணில் உள்ளே தனிக் குழாய் விட முடிந்தால் விடலாம், இல்லையென்றால் நீரை வெளிக்குழாய்க்குத் திருப்பிவிட்டுத் தூணின் வாயை மூடிவிடுவது நல்லது.

*இரும்பு.* ‘இரும்புத் தூண், இரும்பு உத்திரம்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள். வார்ப்பிரும்பா, தேனிரும்பா, தொடக்ககால எஃகா என்று தெரிய வேண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பில் சட்டென்று முறியும், வெல்டிங்கை விரும்பாது. தேனிரும்பு வளைந்துகொடுக்கும், ஆனால் துருப்பிடித்தால் பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரியும். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம் இருக்கலாம், சோதிக்காமல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்திலேயே விரிசல் விடும். சந்தேகம் இருந்தால் வெல்டிங்கை மறந்துவிட்டு போல்ட் போடுங்கள்.

உள்ளீடற்ற தூணில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. அவற்றைப் படுக்கவைத்து வார்த்தபோது, உள்ளே வெற்றிடம் விடுவதற்காக நடுவில் வைத்த மணல் கரு சற்று நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் போயிருக்கும். ஒரே இடத்தில் அளந்து ‘25 மில்லிமீட்டர்’ என்று எழுதுவதில் பயனில்லை. மீயொலிக் கருவியால் நான்கு பக்கமும், இரண்டு மூன்று உயரங்களிலும் அளக்கச் சொல்லுங்கள்.

*சுவர்.* சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவரில், செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்து (பாயிண்டிங்) வைத்திருந்தால், சுவரில் ஏறும் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறும். செங்கலின் முகம் பொரிந்து உதிரும். சிமெண்டை நிதானமாக எடுத்து, இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் குடைந்து, மறுபடி சுண்ணாம்புக் கலவை வையுங்கள். 10 மில்லிமீட்டர் இணைப்புக்கு 25 மில்லிமீட்டர் ஆழம். வேகமாக முடியட்டும் என்று கிரைண்டர் எடுக்கும் ஆளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ஏனென்றால் அவர் செங்கலின் ஓரங்களையும் சேர்த்து வெட்டிவிடுவார், அது திரும்ப வராது.

*கண்ணாடிக் கூரை.* தலைக்கு மேல் பழைய ஒற்றைக் கண்ணாடி இருக்க, கீழே ஆட்கள் உட்கார முடியாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி வேண்டும், அது உடைந்தாலும் கொட்டாது. ஆனால் எடை கூடும். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. பழைய 6 மில்லிமீட்டர் கண்ணாடி 15 கிலோ. வெப்பம் தடுக்க இரட்டைக் கண்ணாடி போட்டு மொத்தம் 16 மில்லிமீட்டர் ஆனால் 40 கிலோ. 2,000 சதுர மீட்டர் கூரையில் கூடுதல் சுமை 50 டன். இந்த எண்ணைச் சொல்லாமல் ‘ஆற்றல் சிக்கனம்’ என்று மட்டும் பேசுகிறவரிடம் பழைய விட்டங்கள் தாங்குமா என்று கேளுங்கள்.

கூரையின் திறந்த முனைகளைக் கண்ணாடியால் மூடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. திறந்த கூரைக்கு அடியில் காற்று புகுந்து வெளியேறிவிடும். ஒரு முனையை மூடி மறுமுனையை விட்டால் காற்று உள்ளே அடைபட்டுக் கூரையை மேலே தள்ளும். கப்பல் பாய் மாதிரி. காற்றுச் சுமையைப் புதிதாகக் கணக்கிடாமல் ஒரு தகடுகூட மாட்டக்கூடாது.

*மண்.* பல பத்தாண்டுகளாகச் சாம்பல், எண்ணெய், களைக்கொல்லி, ஸ்லீப்பர் கட்டை உளுத்துப்போகாமல் இருக்கப் பூசிய கிரியோசோட் என்ற தார் எண்ணெய் எல்லாம் தண்டவாளத்துக்கு அடியில் ஊறியிருக்கும். ஆர்செனிக் கலந்த களைக்கொல்லிகள் ஒரு காலத்தில் சாதாரணமாகப் புழங்கின. கட்டம் கட்டமாக மண் எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் ஒப்பந்தம். பழைய பெயின்டில் ஈயம், கொதிகலன் அறைக் குழாய்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), இவற்றையும் அதே கையோடு சோதித்துவிடுங்கள்.

படி 5: யாரை எங்கே உட்கார வைப்பது

மண்டபத்தைக் காலியாக விடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு போவதானால் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ‘இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே, இரண்டு மாடி போட்டால் நூறு பேர் உட்காரலாமே’ என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். போடலாம். அப்புறம் ஜன்னலின் நடுவே தளம் ஓடும், மேல்மாடிக்காரர்களுக்கு முழங்கால் உயரத்தில் வெளிச்சம் வரும், கீழே இருப்பவர்கள் பகலிலும் விளக்குப் போடுவார்கள்.

மண்டபம் வரவேற்பு, விசாரணை, வரிசை, காத்திருப்பு ஆகியவற்றுக்கு. டிக்கெட் ஜன்னல்களே கவுன்ட்டர்கள். இரண்டையாவது தாழ்த்துங்கள், சக்கர நாற்காலியில் வருபவர் எம்பிப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. மரவேலைப்பாட்டை வெட்ட மனமில்லாவிட்டால் பக்கத்தில் தனி மேஜை போட்டுவிடுங்கள், பழைய ஜன்னல் அப்படியே இருக்கட்டும். ஓய்வறைகள் கூட்ட அறைகளாகும். பார்சல் ஆபீஸ் தபால் பிரிவாகும், அதற்கு வண்டி வந்து நிற்கும் வாசல் ஏற்கெனவே இருக்கிறது. நிலைய அதிகாரியின் அறையைத் துறைத் தலைவர் கேட்பார். கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம்.

பிளாட்பாரத்தில் ஊழியர்கள் உட்கார வேண்டுமென்றால் கூரைக்கு அடியில் தனியே நிற்கும் கண்ணாடி அறைகளைக் கட்டலாம். பெட்டிக்குள் பெட்டி மாதிரி. பழைய தூணிலோ சுவரிலோ ஒரு ஆணிகூட அடிக்காமல் தன் காலில் நிற்கும். குளிரூட்டவோ சூடாக்கவோ வேண்டியது அந்தப் பெட்டியை மட்டும்தான், மேலே இருக்கும் பெரிய வெளியை இல்லை.

எனக்குப் பிடித்த உத்தி ஒன்று. இரண்டு பிளாட்பாரங்களுக்கு நடுவே தண்டவாளம் கிடந்த பள்ளம் சுமார் ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். அதை மண் போட்டு நிரப்பாதீர்கள். தூக்கி எடுக்கக்கூடிய பலகைத் தளம் போட்டு மூடினால் கீழே கேபிள், குழாய், காற்றுக் குழல் எல்லாம் போக ஆள் குனிந்து நடக்கும் சுரங்கம் இலவசமாகக் கிடைக்கும். பழைய சுவர்களைக் குடைய வேண்டியதில்லை. தரையில் தண்டவாளத்தின் கோட்டை ஒரு உலோகப் பட்டையாகக் காட்டலாம், ஜல்லிக்குக் கீழே நீர் வடியும் வழியை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: எதிரொலியும் வெப்பமும்

நிலைய மண்டபத்தில் அறிவிப்பு ஏன் புரியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதே மண்டபத்தில் ஒரு முதியவர் தன் ஓய்வூதியச் சிக்கலைக் கவுன்ட்டரில் சொல்ல வேண்டும்.

40 மீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம் உள்ள மண்டபம் என்று வைப்போம். கொள்ளளவு 12,000 கன மீட்டர். எதிரொலி அடங்கும் நேரத்துக்கான சபைன் சூத்திரம் எளிது: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். இப்போது 5 வினாடி ஆகிறது என்றால் உறிஞ்சும் பரப்பு சுமார் 386 சதுர மீட்டர்தான். அதை 2 வினாடிக்குக் கொண்டுவரச் சுமார் 966 வேண்டும். அதாவது 580 சதுர மீட்டர் புதிதாகச் சேர்க்க வேண்டும், மொத்தத் தரையே 800 சதுர மீட்டர் இருக்கும் இடத்தில். நாலு மூலையில் திரைச்சீலை மாட்டி இதைத் தீர்க்க முடியாது.

எங்கே ஒளித்து வைப்பது? விதானக் கட்டங்களின் உள்முகம், பெஞ்சின் அடிப்பக்கம், கவுன்ட்டர்களுக்கு நடுவே நிற்கும் தடுப்புகள், பழைய பூச்சு ஏற்கெனவே உதிர்ந்துபோன இடங்களில் ஒலி உறிஞ்சும் பூச்சு. ஆட்களும் ஒலியை உறிஞ்சுவார்கள், அதனால்தான் காலை எட்டு மணிக்குக் கணீரென்று ஒலிக்கும் மண்டபம் பதினொரு மணிக்குக் கொஞ்சம் அடங்குகிறது. இவ்வளவும் செய்த பிறகும் மண்டபம் கூட்ட அரங்காகாது. ரகசியமாகப் பேச வேண்டியவற்றுக்குக் கதவுள்ள சிறு அறைகளை ஒதுக்குங்கள்.

வெப்பத்துக்கும் இதே தர்க்கம். 15 மீட்டர் உயரக் காற்றை முழுவதும் பதப்படுத்துவது வீண். சூடான காற்று மேலே போய் நிற்கும். குளிர் நாட்டில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய், வெப்ப நாட்டில் மேலே வெப்பக் காற்று வெளியேறும் திறப்புகளும் ஆட்கள் நிற்கும் உயரத்தில் மட்டும் குளிர்ந்த காற்றும். புகைபோக்கியாக இருந்த கூரைத் திறப்பை மூடியிருந்தால் திறந்துவிடுங்கள். ரயில் புகைக்காக வைத்தது வெப்பக் காற்றுக்கும் வேலை செய்யும்.

படி 7: சாய்தளம், நெருப்பு, நிலநடுக்கம், பாதுகாப்பு

பிளாட்பாரத்துக்கும் முற்றத்துக்கும் 900 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் என்றால், 12-க்கு 1 என்ற சரிவில் சாய்தளத்தின் நீளம் 10.8 மீட்டர். மேலும் கீழும் நடுவிலும் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வீதம் சமதளம் சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டும். இதைக் கடைசியில் சொருகினால் அழகான முகப்பின் குறுக்கே கம்பி வேலி போல நிற்கும். முதல் வரைபடத்திலேயே இருந்தால், பார்சல் தள்ளுவண்டி ஏறிய பழைய சரிவே பல சமயம் போதும்.

நெருப்பு விஷயத்தில் நிலையம் நமக்குச் சாதகம். வாசல்கள் நிறைய, கூரை உயரம், புகை தலைக்கு மேலே வெகுதூரத்தில் தேங்கும். பாதகம் மரத்தளமும், சுவருக்குள் ஒளிந்திருக்கும் வெற்றிடங்களும்தான், அவற்றை அடைத்தாக வேண்டும்.

நிலநடுக்கப் பகுதி என்றால் வலுவூட்டலைத் தள்ளிப்போடாதீர்கள். சால்ட் லேக் சிட்டியில் 1910-இல் கட்டிய ரியோ கிராண்ட் நிலையத்தில் யூட்டா மாநிலத்தின் வரலாற்றுத் துறை பல பத்தாண்டுகள் இயங்கியது. 2020 மார்ச்சில் 5.7 அளவில் வந்த நிலநடுக்கம் கட்டடத்தைச் சேதப்படுத்த, ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. கம்பி இல்லாத செங்கல் சுவர், கனமான கைப்பிடிச்சுவர், புகைபோக்கி, இவைதான் முதலில் விழுபவை. கைப்பிடிச்சுவரைக் கூரையோடு பிணைப்பது செலவு குறைந்த, பலன் பெரிய வேலை.

அரசுக் கட்டடம் என்பதால் பாதுகாப்புப் பிரிவு வரும். வண்டி வந்து நிற்கும் முகப்புத் தாழ்வாரத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், வாகனத்தை வாசலுக்கு அடியிலேயே கொண்டுவிடும் அமைப்பு அது. தூரத்தில் தடுப்புத் தூண்கள் வைத்து வண்டியை நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்தை நடப்பவர்களுக்கு விடுங்கள். சோதனைக் கருவிகளைப் பிரதான மண்டபத்தில் வைக்காமல் நுழைவுக் கூடத்திலோ பக்க அறையிலோ அடக்கப் பாருங்கள்.

ரயில் ஓடுகிற இடமென்றால் ஒரு வாரம் முழுக்க அதிர்வை அளந்துவிடுங்கள், இரவுச் சரக்கு ரயிலையும் சேர்த்து. தனி அறைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தால் பெரும்பாலும் போதும்.

படி 8: டெண்டரும் வேலை வரிசையும்

மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற விதி இங்கே ஆபத்து. சுண்ணாம்பு வேலை, வார்ப்பிரும்பு, கண்ணாடி மூன்றுக்கும் தனித் தகுதி கேளுங்கள், முன்பு செய்த வேலையை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் சுவரை மாதிரியாகச் செய்யச் சொல்லி, சரி என்ற பிறகு அதை மூடாமல் கடைசிவரை ஒப்பிட வைத்திருங்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற பகுதிகளுக்கு மொத்த விலை கேட்காதீர்கள், அளவு வீத விலை வாங்குங்கள். எதிர்பாராச் செலவுக்கு மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்வேன். நிதிப் பிரிவு குறைக்கச் சொல்லும், கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

வரிசை: முதலில் கூரையும் வடிகாலும். அதன் பிறகு சுவர் காய அவகாசம். பல மாதங்கள்கூட ஆகலாம். ஈரச் சுவரில் பூச்சுப் பூசினால் ஒரே ஆண்டில் உப்புப் பூத்து உரிந்துவிடும். அப்புறம் இரும்பு, அப்புறம் தரை, கேபிள், கடைசியில் பெயின்ட். திறப்பு விழா தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டால் இந்த வரிசையைத்தான் முதலில் உடைப்பார்கள். உடைக்க விடாதீர்கள், தேவைப்பட்டால் கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து விழாவை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 9: குடியேறிய பிறகு

முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியது ஊழியர்களின் கை வேலைகளை. கோப்பு அலமாரி ஒன்று மெல்ல மண்டபத்துக்குள் நகர்ந்து வரும். பின்னால் ஒரு மேஜை. அதற்கு மின் இணைப்பு. மேலே தகரத் தடுப்பு. மண்டபத்தில் எது வைக்கலாம் என்ற ஒரு பக்க விதியைத் துறைத் தலைவரின் கையெழுத்தோடு சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பராமரிப்பு நூலில் தூண்களின் எண், எந்தத் தூணுக்குள் குழாய் போகிறது, எந்த வடிகால் எங்கே இறங்குகிறது, எந்தச் சுவரில் என்ன கலவை, பெயின்டின் நிறக் குறி எல்லாம் இருக்கட்டும். கூரைக்கு ஏறப் பாதுகாப்பான நடைபாதையும் பிடிமானமும் இல்லாவிட்டால் யாரும் ஏற மாட்டார்கள். அதையும் கட்டுமானச் செலவிலேயே செய்துவிடுங்கள். பள்ள வடிகாலை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், வாரி எடுக்க வேண்டும். கடிகாரத்துக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். அது நின்றுபோனால் முதலில் புகார் சொல்வது ஊழியர்கள் இல்லை, அந்த வழியாக நடந்துபோகிறவர்கள்தான்.